வெளித் தாழ்ப்பாள்

என்னைக் கைது செய்தவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அவர்கள் அள்ளிக்கொண்டு போய் இறக்கிவிட்ட இடத்தில்தான் அக்காவைத் தெரிந்துகொண்டேன்.

நான் பஸ் கண்டக்டர். தொழிற்சங்கத்திலும் இருந்தேன். சங்கம் என்றால் மறியல், மறியல் என்றால் கைது. எங்கள் ஊரில் அந்தக் கைதுக்கென்று ஒரு முறை ஏற்பட்டிருந்தது. காலையில் நடுரோட்டில் உட்காருவோம். போலீஸ் வந்து, போதும் எழுந்திருங்கள் என்று சொல்லும். நாங்கள் கொஞ்சம் முறைத்துக்கொண்டு, கூட இரண்டு கோஷம் போட்டுவிட்டு வேனில் ஏறுவோம். அத்தனை பேரை அடைக்க ஸ்டேஷனில் இடம் கிடையாது. அதனால் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோவார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சீட்டாடுவோம், சிலர் குறட்டை விடுவார்கள். சாயங்காலம் எல்லாரையும் விட்டுவிடுவார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, செய்தியில் நம் தலை தெரிகிறதா என்று பார்ப்போம். கேலிக்குச் சொல்லவில்லை, அந்த ஏற்பாட்டில் இரண்டு தரப்புக்கும் ஒரு மரியாதை இருந்தது. அது போன பிறகுதான் எங்களுக்கே அது தெரிந்தது.

அக்கா அந்த மண்டபத்தின் மேனேஜர். பெயர்தான் மேனேஜர், பெருக்குவது, மெழுகுவது, நாற்காலி அடுக்குவது, குடிபோதையில் வரும் சித்தப்பாக்களை வெளியே தள்ளுவது எல்லாம் அவர்தான். எழுபது வயதுக்காரரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். முதல் தடவை நாங்கள் வேனிலிருந்து இறங்கியபோது துடைப்பத்தோடு வாசலை மறித்து நின்றார்.

"கோஷமெல்லாம் வாசலோட சரி. உள்ள வந்தா மனுஷங்களா உக்காரணும். சுவத்துல யாரும் சாயாதீங்க, இப்பதான் பெயின்ட் அடிச்சிருக்கு."

"நாங்க கைதிங்கம்மா" என்றார் எங்கள் சங்கச் செயலாளர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"கைதியோ கல்யாண வீட்டுக்காரங்களோ, பாத்ரூம்ல தண்ணி ஊத்தாமப் போனா நான் சும்மா விட மாட்டேன்."

போலீசுக்கும் அதே மரியாதைதான். "ஆறு மணிக்கு மண்டபம் என் கைக்கு வந்துடணும் சார். பொண்ணு வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள நான் கழுவி விடணும்" என்பார். அந்தக் காலத்து இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எங்களை ஆறு மணிக்கு விட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அக்காவின் வாய்க்குப் பயந்துதான் விட்டார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அக்காவுக்கு அரசியல் கிடையாது. யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று பெற்ற மகனுக்கே தெரியாது. எங்களைக் கிண்டல் செய்வதில் மட்டும் குறை வைக்க மாட்டார். "இத்தனை வருஷமா ஒழிக ஒழிகன்னு கத்துறீங்களே கண்டக்டரே, ஒருத்தராவது ஒழிஞ்சாங்களா?" என்று ஒருமுறை கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் யாரும் ஒழியவில்லைதான்.

அவருடைய கணவர் அந்த மண்டபத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கைக்குழந்தையோடு நின்றவருக்கு முதலாளி பின்கட்டில் ஒரு அறையையும் இந்த வேலையையும் கொடுத்தார். பையன் யார் யார் கல்யாணச் சத்தத்துக்கு நடுவிலோ படித்துப் பட்டம் வாங்கி, நகராட்சி அலுவலகத்தில் தற்காலிக குமாஸ்தாவாகச் சேர்ந்தான். தற்காலிகம் என்ற அந்த வார்த்தை வருஷக்கணக்கில் அவனை விடவில்லை. "தற்காலிகமாவே தலை நரைச்சுடும் போலிருக்கு" என்று அக்கா சிரிப்பார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். அவன் நிரந்தரமாக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு இந்த உலகத்திடம் வேறு கோரிக்கை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மண்டபத்தில் மணப்பெண்ணுக்கு என்று ஒரு அறை உண்டு. அதன் கதவில் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது, உள்பக்கம் மட்டும்தான். வெளியே ஆணி இருந்த ஓட்டைகளை மரத்தூளும் பசையும் கலந்த மக்கு வைத்து அடைத்திருந்தார்கள். காரணத்தை மண்டபத்துக்கு வழக்கமாக வரும் தச்சர் சொன்னார். ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. அண்ணன்மார் அவளை அந்த அறையில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். விடிய விடியத் தட்டினாளாம். அக்கா திறக்கப் போனபோது, "இது எங்க குடும்ப விஷயம்" என்று தடுத்துவிட்டார்கள். மறுநாள் மண்டபம் காலியானதும் அக்கா தச்சரை வரச்சொல்லி அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னார். கழற்றியதைக் குப்பையில் போட்டார். முதலாளியிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

பிறகு காலம் கெட்டது. கூட்டம் கூடத் தடை, பேசத் தடை, தடை எதற்கு என்று கேட்கவும் தடை. பழைய இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்ப் புது அதிகாரி வந்தார். நல்ல உயரம், மடிப்புக் கலையாத சட்டை, எல்லாரிடமும் 'வாங்க, போங்க' என்றுதான் பேச்சு. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் மனிதர்களைப் பார்த்தவன் நான். கத்துகிற பயணியைச் சமாளித்துவிடலாம்.

பக்கத்து ஊரில் ஒரு பத்திரிகைக்காரரை, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி அரசு விருந்தினர் மாளிகைக்குக் கூட்டிப்போனார்கள். வீட்டார் ஸ்டேஷனில் போய்க் கேட்டால், அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவே இல்லையே என்றார்கள். சில நாள் கழித்துத் திரும்பி வந்தார். பேனா பிடிக்க அவருக்கு விரல் மடங்கவில்லை. எங்கே இருந்தார், யார் வைத்திருந்தார்கள் என்று எந்தத் தாளிலும் ஒரு வரி கிடையாது. இல்லாத இடத்தில் இல்லாத நாளில் நடந்ததற்கு யாரிடம் போய்க் கேட்பது?

அப்போதுதான் எங்கள் டிப்போ நிலத்தை மந்திரியின் மச்சான் கம்பெனிக்கு விற்றார்கள். தடையை மீறி உட்கார்ந்தோம். பெண்கள் பள்ளியின் கணக்கு டீச்சரும் எங்களோடு வந்து உட்கார்ந்தார். மைக்கைக் கொடுத்ததும், நிலத்தின் மதிப்பு என்ன, விற்ற விலை என்ன என்று வகுப்பில் சொல்வது போல் நிதானமாகச் சொல்லிவிட்டு, மந்திரியின் மச்சான் பெயரையும் சொன்னார். எங்களில் யாருக்கும் அதுவரை அந்தத் தைரியம் வரவில்லை. வழக்கம்போல் வேன், வழக்கம்போல் மண்டபம். சாயங்காலம் எல்லாரையும் போகச் சொன்னார்கள். டீச்சரை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

"சின்ன விசாரணைதான். நாளைக்கோ மறுநாளோ விட்டுடுவோம். நீங்க கிளம்புங்க" என்றார் அதிகாரி.

நான் கிளம்பவில்லை. செருப்பைக் காணோம் என்று தேட ஆரம்பித்தேன். ஒரு செருப்பை எவ்வளவு நேரம் தேட முடியுமோ அவ்வளவு நேரம் தேடினேன். அந்த மாதிரி நேரத்தில் எனக்கு வரும் வீரம் அவ்வளவுதான்.

டீச்சரை மணப்பெண் அறைக்குள் போகச் சொன்னார்கள். அப்போதுதான் கதவைச் சாத்திப் பார்த்த ஏட்டு, வெளியே தாழ்ப்பாள் இல்லை என்று சொன்னார். அதிகாரி ஆளனுப்பித் தச்சரை வரவழைத்தார். வந்தவர் அதே தச்சர். கதவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பையைத் திறக்காமல் நின்றார். அக்கா நாற்காலி அடுக்குவதை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்ன சார் வேலை நடக்குது?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு தாழ்ப்பாள் போடணும்."

"தாழ்ப்பாள் உள்ள இருக்கே சார்."

"வெளிய வேணும்."

"உள்ள இருக்கறவங்க வெளிய வரக்கூடாதுன்னா அது மண்டபம் இல்ல சார். அதுக்குன்னு ஊர்ல தனியா கட்டடம் கட்டி வெச்சிருக்காங்க. அங்க கூட்டிட்டுப் போங்க."

அதிகாரி சிரித்தார். "அங்க கூட்டிட்டுப் போனா எழுதணும்மா. யாரு, எதுக்கு, எத்தனை மணிக்குன்னு. அப்புறம் நீதிபதி முன்னால நிறுத்தணும். எவ்வளவு வேலை பாருங்க."

"வாசல்ல ஆள் போட்டுக்கோங்களேன்."

"ஆள் போட்டா டூட்டின்னு எழுதணும்."

அவர் மறைக்கவே இல்லை. வீட்டு வேலையைப் பங்கு பிரிப்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எழுத வேண்டாம் என்பதற்காகத்தான் அந்த மண்டபம், எழுத வேண்டாம் என்பதற்காகத்தான் அந்தத் தாழ்ப்பாள். இரும்புத் துண்டுக்கு டூட்டி எழுத வேண்டியதில்லை அல்லவா.

"அப்ப எழுதுங்க சார்" என்றார் அக்கா.

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "உங்க பையன் நகராட்சியிலதானே இருக்காரு? இன்னும் தற்காலிகம்தானே?"

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. முடிந்தது கதை என்று நினைத்தேன், நான் அவரைக் குறை சொல்லியிருக்கவும் மாட்டேன். தச்சரிடம் அதிகாரி கண்ணைக் காட்டினார். தச்சர் பையைத் திறந்து, எதையோ தேடுவது போல் நேரத்தைக் கடத்தினார். ஸ்க்ரூ பத்தாது என்றார், துரப்பணம் மழுங்கியிருக்கிறது என்றார். நானும் அவரும் ஒரே ஜாதி வீரர்கள்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே போனார். உள்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய குரல்.

"இப்பப் போட்டுக்கோங்க சார் உங்க தாழ்ப்பாளை. ஆனா நானும் உள்ள இருக்கேன். நான் ரோட்ல உக்காரல, கோஷம் போடல. பாத்ரூம் கழுவிட்டு இருந்தவளை எதுக்குப் பூட்டினாங்கன்னு நாளைக்கு ஊரு கேக்கும். அதுக்கு என்ன பதில்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்கோங்க."

நான் செருப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். வெளியே ஓடி எங்கள் சங்க வக்கீலுக்குப் போன் போட்டேன். அவர் வந்தார், சங்கத்து ஆட்கள் வந்தார்கள், டீச்சரிடம் படித்த பெண்களின் அம்மாக்கள் வந்தார்கள். வாசலில் கூட்டம் சேர்ந்ததும் அதிகாரி தன் கைப்பட ஒரு தாளில் எழுதினார். டீச்சரை முறைப்படி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை நீதிபதி முன்னால் நிறுத்தினார்கள், ஜாமீன் கிடைத்தது. கை, கால், விரல் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. எழுதியதனால் வந்த லாபம் அது.

நஷ்டம் அக்காவுக்கு. ஆளுங்கட்சியின் பேட்டைத் தலைவர் ஒருவர் இருந்தார். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார் என்பதால் நாங்கள் அவரைக் கூலிங்கிளாஸ் என்போம். அவர் நகராட்சிக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னார். பையனுக்கு நிரந்தரமும் போனது, தற்காலிகமும் போனது. செல்போன் கடையில் வேலைக்குப் போனான். அம்மாவோடு பேச்சு இல்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான்.

"யாருக்கோ நல்லது பண்ணப் போய் என் பிள்ளை வாயில மண்ணைப் போட்டுட்டேன் கண்டக்டரே" என்று அக்கா என்னிடம் அழுதார். "அந்த டீச்சரைப் பாத்தாக்கூட இப்ப எனக்கு எரிச்சலா வருது." அந்த வீட்டில் அவன் தலை குனிந்து சாப்பிடுவதை நானும் பார்த்திருக்கிறேன்.

தேர்தல் வந்தது, காற்று மாறியது. எங்கள் சங்கத்தின் கட்சி ஜெயித்தது. டீச்சர் நகராட்சித் தலைவரானார். அவர் மறக்கவில்லை. முதல் வேலையாக அக்காவின் மகனைத் திரும்ப அலுவலகத்துக்குக் கூப்பிட்டார், நிரந்தர ஆணைக்கு ஏற்பாடு செய்தார். பையன் அம்மாவிடம் பேச ஆரம்பித்தான். அக்கா அந்த வாரம் என்னைக் கிண்டல் செய்ய மறந்தே போனார்.

இப்போது மறியல் செய்கிற முறை கூலிங்கிளாசுக்கு வந்தது. டீச்சர் கமிஷன் வாங்கினார் என்று மைக் போட்டுக் கத்தினார். பச்சைப் பொய். பொய்யோடு நிறுத்தாமல் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கை பரபரத்தது. கைது, வேன், அதே மண்டபம். அதே அதிகாரியும்கூட. ஆட்சி மாறினால் அதிகாரி மாற வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? மடிப்புக் கலையாத சட்டையோடு இப்போது எங்களுக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கூலிங்கிளாசை மட்டும் மணப்பெண் அறையில் வைத்தார்கள். இந்த முறை தச்சரைக் கூப்பிடவில்லை. தாழ்ப்பாளும் துரப்பணமும் ஜீப்பிலேயே வந்தன. அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றார். யாரோ போன் செய்திருக்க வேண்டும், டீச்சரே காரில் வந்து இறங்கினார். நானும் கட்சிக்காரன் என்ற முறையில் கூடவே போனேன்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றார் டீச்சர். "ரெண்டே நாள். யாரு பணம் குடுத்து இவனைப் பேச வெச்சாங்கன்னு தெரிஞ்சுக்கணும்."

"கேளுங்க டீச்சர். எழுதிக் கூட்டிட்டுப் போய்க் கேளுங்க."

"எழுதினா காலையில ஜாமீன்ல வந்து மாலை போட்டுக்குவான்."

"நீங்களும் ஜாமீன்லதான் வந்தீங்க."

டீச்சரின் முகம் சிவந்தது. "நானும் இவனும் ஒண்ணா அக்கா? நான் பொய்யா சொன்னேன்? இவன் உங்க பையனுக்கு என்ன பண்ணான்னு மறந்துட்டீங்களா?"

"மறக்கல. அதான் காலையில இருந்து யோசிச்சுப் பாத்தேன். ரெண்டு நாள் உள்ள கிடக்கட்டுமேன்னு தோணுச்சு. கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். பொய் சொல்ல மாட்டேன்."

அதிகாரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையனோட ஆர்டர் திங்கட்கிழமை என் மேஜைக்கு வருது அக்கா" என்றார் டீச்சர்.

அதை மிரட்டலாகச் சொன்னாரா, நல்ல செய்தியாகச் சொன்னாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. டீச்சருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். சொன்ன பிறகு அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார். வெளியே பையன் வேலை விட்டு வந்து வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. அக்காவின் கண் வாசல் பக்கம் ஒருமுறை போய் வந்தது. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

கதவு மெல்லியது, உள்ளே பேசுவது கேட்டது. கூலிங்கிளாஸ் பயந்துபோயிருந்தார். தன்னை அடிக்கத்தான் அக்கா வந்திருப்பதாக நினைத்தார் போலிருக்கிறது.

"அம்மா, உங்க பையன் விஷயத்துல நான்..."

"பேசாதீங்க. உங்களைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அதிகாரி தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சரின் உத்தரவுக்காக நின்றார். டீச்சர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அவர் அதற்கு உள்ளே இருந்தவர். வெளியிலிருந்து அதை இப்போதுதான் பார்க்கிறார். கடைசியில் கையை உயர்த்தி, மெதுவாகத் தட்டினார்.

"அக்கா. கதவைத் திறங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எழுதியாச்சா டீச்சர்?"